ஆளுக்குப் பத்து வினைச்சொல்

கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் அனுசுயா பன்னிரண்டு வருடமாகப் போய்வருகிறாள். வயது முப்பத்தாறு. பத்தாம் வகுப்பில் மற்ற பாடமெல்லாம் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் கவிழ்ந்தவள். அங்கன்வாடி உதவியாளர் வேலைக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும், வயதும் நாற்பதைத் தாண்டக் கூடாது. தனித்தேர்வு எழுதி இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவது முறை புத்தகத்தை ஜீப்புக்கே தூக்கிவந்துவிட்டாள்.

அவள் உயிரை வாங்கியவை வினைச்சொற்கள். 'கோ' என்று சாதுவாக இருப்பது நேற்றைக்குப் போனால் 'வென்ட்' ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. 'கட்' என்பதோ நேற்றும் கட், இன்றும் கட். ஒரு ஒழுங்கு வேண்டாமா ஒரு பாஷைக்கு?

பக்கத்து இருக்கை மூக்கம்மாள் ஒரு வாரம் இந்தப் புலம்பலைக் கேட்டாள்.

"ஒத்த ஆளா மொத்தத் தோட்டத்துலயும் காய் எடுக்க முடியுமாடி? மேஸ்திரி ஆளுக்கொரு நிரை பிரிச்சுக் குடுக்காகல்ல? நீயும் பிரிச்சுக் குடு."

பிரித்துக் கொடுத்தாள். ஜீப்பில் வரும் பதினாறு பேரில் பத்துப் பேர் முன்வந்தார்கள். ஆளுக்குப் பத்துச் சொல். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது, காதால் வாங்கி மனதில் போட்டுக்கொண்டார்கள். தோட்டத்தில் குனிந்து காய் பறித்தபடி அனுசுயா "ப்ரிங்!" என்று குரல் கொடுப்பாள். எங்கோ இலைகளுக்குள்ளிருந்து ஜக்கம்மா "ப்ராட், ப்ராட்!" என்று கத்துவாள். மேஸ்திரி பால்பாண்டி முதல் நாள் அரண்டு ஓடிவந்தார்.

"என்னத்தா, ஸ்ட்ரைக்கா?"

மரபுத்தொடர்களும் பாடத்தில் இருந்தன. மேடை ஏறப் போகிறவனிடம் 'காலை உடைத்துக்கொள்' என்றால் வாழ்த்துகிறார்களாம். ஜீப்பே கொதித்துப்போனது.

"இது என்ன வாழ்த்து? நாசமாப் போறவுக!" என்றாள் ஜக்கம்மா.

மூக்கம்மாள்தான் நியாயம் சொன்னாள். "நாம மட்டும் என்ன? காதுல பூ சுத்திட்டான்ங்கிறோம், எங்க இருக்கு பூ? வயித்தெரிச்சல்ங்கிறோம், தீயா எரியுது? அவுகளும் நம்மளாட்டம் பேசுறவுகதானே."

அன்றோடு அனுசுயாவுக்கு ஆங்கிலத்தின் மீதிருந்த பாதி பயம் போயிற்று. மீதிப் பாதி, தேர்வு நாள் காலையில் மொத்தமாகத் திரும்பி வந்தது.

மூன்றாம் தடவையும் தோற்றால் வெளியில் தலைகாட்ட முடியாது. எழுதாமலே இருந்துவிட்டால் தோற்றவள் என்று யாரும் சொல்ல முடியாதல்லவா? இப்படித் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வழக்கம்போல வேலைச்சேலையும் தூக்குவாளியுமாக விடியற்காலையில் ஜீப்புக்கு வந்து நின்றாள்.

"இடமில்ல" என்றாள் மூக்கம்மாள்.

பத்துப் பேர் போகிற வண்டியில் பதினாறு பேரை அடைக்கிற ஜீப் அது. பதினேழாவது ஆள் ஓடிவந்தாலும் மடியில் தூக்கி வைத்துக்கொள்வார்களே தவிர, இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை அங்கே யாரும் சொன்னதில்லை.

"கொஞ்சம் கால மடக்குங்கக்கா."

"மடங்காது" என்றாள் ஜக்கம்மா. அனுசுயாவின் இடத்தில் ஜக்கம்மாவின் பை உட்கார்ந்திருந்தது. அனுசுயா ஓட்டுநர் தங்கப்பாண்டியைப் பார்த்தாள். அவர் ரோட்டையே பார்த்தபடி வண்டியைக் கிளப்பினார். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

அனுசுயாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவளுகளுக்கு என்ன திமிர்! அந்த ஆத்திரத்திலேயே வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றி, உத்தமபாளையம் பஸ்ஸில் ஏறி, ஹால் டிக்கெட்டை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். வினாத்தாளைப் பிரித்த பிறகுதான் ஆத்திரம் இறங்கியது. ஒவ்வொரு வினைச்சொல்லும் யாராவது ஒருத்தியின் குரலில் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

நாற்பத்தேழு மதிப்பெண்.

முடிவு வந்த அன்று சாயங்காலம், மலையிறங்கி வந்த ஜீப்பின் முன்னால் மிட்டாய்ப் பொட்டலத்தோடு நின்றாள். ஒவ்வொருத்தி கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உங்க பத்துப் பேருக்கும் நான் என்னக்கா செய்யப் போறேன்? அன்னைக்கு மட்டும் என்னைய ஏத்தியிருந்தீகன்னா..."

"ஏத்திரத்தான்டி தோணுச்சு" என்றாள் மூக்கம்மாள். "வண்டி மேடு ஏறி முடிக்கிற வரைக்கும், நீ பரீச்சைக்கும் போகாம, எங்க மொகத்துலயும் முழிக்காமப் போயிருவியோன்னு, ஜக்கம்மா அழுத அழுகை இருக்கே... தங்கப்பாண்டி ரெண்டு தடவ வண்டிய நிறுத்தித் திருப்பப் பாத்தாக. நாங்கதான் விடல."