நோன்பு நாளில் ஒரு பகல் விருந்து

எங்கள் வீட்டில் மூன்று அறைகளை வெளிநாட்டவருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். கண்டியிலிருந்து தெல்தெனிய போகும் பக்கமாக, மேடேறினால் வரும் வீடு. பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் அந்த அறைகளில் சிலந்திதான் குடியிருந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் வேனையும் விற்றுவிட்டார். பிறகு நாட்டுக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் மேட்டுக்கு மட்டும் வரவில்லை. கட்டாரில் சாரதி வேலைக்கு அவருக்கு விசா வந்தது. புதிதாக வாங்கிய பயணப் பை அலுமாரிக்கு மேல் ஏறியது.

அந்த நேரத்தில்தான் சுற்றுலாச் சபை கண்டியில் ஒரு கூட்டம் வைத்தது. சபையின் உத்தியோகத்தர் ஒரு சிங்களப் பெண். நாங்கள் எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டுப் பயண முகவர்கள் சிலரை அழைத்து வந்து நாட்டைச் சுற்றிக் காட்டப் போகிறோம் என்றார். விமான சேவை இருக்கை கொடுக்கும், பெரிய ஹோட்டல்கள் அறை கொடுக்கும், சபை பஸ்ஸும் வழிகாட்டியும் கொடுக்கும். யாரும் யாரிடமும் காசு வாங்குவதில்லை. வந்தவர்கள் ஊருக்குப் போய்த் தங்கள் பயணத் திட்டத்தில் நம்மைச் சேர்த்தால் எல்லோருக்கும் பிழைப்பு. கல்யாண வீட்டில் ஒருவர் பந்தலையும் ஒருவர் சாப்பாட்டையும் பொறுப்பெடுப்பது போலத்தான். முன்வரிசைக் கதிரைகளில் இருந்த ஹோட்டல்காரர்கள் எங்களைப் போன்ற சின்ன வீட்டுக்காரர்கள் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்று ஏறியது. எழுந்து நின்று, "நம்மட வீட்டுல பகல் சாப்பாடு தாறேன் மிஸ்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "அவங்க வந்து பாக்கட்டும். ஆள் அனுப்பினா நான் நிக்கிறேன். இல்லாட்டி பெருநாள் முடியப் போய்த்துடுவேன்" என்றார். அந்த ஒரு பகல் சாப்பாட்டில் எங்கள் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது.

விருந்துக்கான தேதியைச் சொன்னபோது தலையில் கை வைத்தேன். நோன்பு மாதம். விமானத்தில் இருக்கை காலியாக இருக்கும் வாரத்தைப் பார்த்திருக்கிறார்கள். பிறையை யாரும் பார்க்கவில்லை. மாற்றச் சொன்னால் எங்கள் இடம் வேறொரு வீட்டுக்குப் போய்விடும். "வாற விருந்தாளிக்குச் சாப்பாடு குடுக்கிறதும் நன்மதானே" என்று மாமி சேலையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். கணவரின் உம்மா அவர். மஞ்சள் சோறு, கோழிக் கறி, பொலோஸ் என்று நாங்கள் சொல்லும் பிஞ்சுப் பலாக்காய்க் கறி. விடிந்ததிலிருந்து இரண்டு பேரும் நின்ற நிலையில் சமைத்தோம்.

நோன்போடு சமைக்கும்போது உப்புப் பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் பரவாயில்லை என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. கை அளவுதான், மணம்தான். மற்ற நாட்களில் உப்பு மாமியின் பொறுப்பு. அன்றைக்கு யார் எதைச் செய்தோம் என்றே தெரியாத பதற்றம்.

பகலாகியும் பஸ் வரவில்லை. வரும் வழியில் பிலிமத்தலாவையில் ஒரு லொறி குறுக்கே கவிழ்ந்து பாதை அடைபட்டுவிட்டதாம். வழிகாட்டி பசிக்குக் கடையில் பணிஸ் வாங்கிக் கொடுத்து அவர்களைச் சமாளித்துக்கொண்டிருக்கிறார் என்று கண்டியில் காத்திருந்த மிஸ்தான் கோல் எடுத்துச் சொன்னார். பிறகு அவரும் இருப்புக் கொள்ளாமல் ஓட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பசியில் முகம் வாடியிருந்தது. ஒரு கோப்பையில் சோறும் கோழிக் கறியும் போட்டுக் கொடுத்தேன்.

முதல் வாயிலேயே மிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, லுணு வெடி!" என்றார். உப்புக் கூடிவிட்டது என்பதற்குச் சிங்களம். பொலோஸையும் தொட்டு வாயில் வைத்தார். அதுவும் அப்படித்தான்.

"நான் அளவாத்தானே போட்டேன்" என்றார் மாமி.

"மாமி, நீங்க போடல்ல எண்டு நெனச்சு நானும் போட்டேனே."

வாசலில் நின்ற கணவர் தலையைச் சொறிந்தார். "நோம்போட ரெண்டு பேரும் மறந்திருப்பீங்க எண்டு... நானும் கொஞ்சம் போட்டேன்."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அடுப்படிப் பக்கம் வராத மனிதர். எனக்கு வந்த கோபத்துக்கு அகப்பையை எடுத்திருப்பேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. போவேன் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், யாருக்கும் தெரியாமல் வந்து என் கறிக்கு உப்புப் போட்டிருக்கிறார். இவருக்கும் போக விருப்பமில்லை. அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"இப்ப என்ன செய்ற?" என்று மாமி சுவரில் சாய்ந்தார். பின் அடுப்பில் நோன்பு துறப்பதற்கான கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பஸ் வந்து சேர எப்படியும் பொழுது சாய்ந்து மஃரிப் ஆகிவிடும். மிஸ் தானாகவே ஒரு கரண்டி கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தார். நாங்கள் மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இது சரி அக்கா. நல்ல சரி" என்றார். போன உயிர் திரும்பி வந்தது.

பாங்கு சொல்லக் கொஞ்சம் இருக்கும்போது அவர்கள் வந்து இறங்கினார்கள். அதே நேரத்தில் பக்கத்து வீடுகளிலிருந்து வழக்கம்போல துணி மூடிய தட்டுகள் வரத் தொடங்கின: வடை, சமோசா, கட்லட். எங்களைக் கேட்டால் அது தினமும் நடப்பது. வந்தவர்களுக்கு அது பெரிய அதிசயம். சாப்பிடச் சொன்னோம், மாட்டோம் என்றுவிட்டார்கள். நீங்கள் சாப்பிடும்போதுதான் நாங்களும் என்று பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பாங்கு கேட்டதும் எல்லோரும் ஒன்றாக வாயில் வைத்தோம். கஞ்சியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். கோழிக் கறியைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை.

பெருநாள் வந்தது, போனது. கணவர் பயண நாளைத் தள்ளிப்போட்டபடியே இருந்தார். ஒருநாள் மிஸ் கோல் எடுத்தார். அந்த முகவர்களில் ஒருவர் தன் பயணத் திட்டத்தில் எங்கள் வீட்டைச் சேர்த்துவிட்டாராம். பயணிகளின் முதல் கூட்டம் வருகிறது, மூன்று அறையும் வேண்டும், மாலையில் அதே கஞ்சியும் வேண்டும் என்றார். "நோம்பு இல்லாத மாசத்திலயா?" என்று மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

கணவர் கட்டாருக்குக் கோல் எடுத்து, வேலைக்கு இனி வரமாட்டேன் என்று சொன்னார். அலுமாரிக்கு மேலிருந்த பையை நான் இறக்கி, அறைகளுக்கான புதிய படுக்கை விரிப்புகளை அதில் அடுக்கினேன்.

அந்தக் கூட்டம் வந்த மாலையில் மாமியிடம் கேட்டுத்தான் உப்புப் போட்டேன். யாருக்கும் நோன்பு இல்லை. நானே ருசி பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஒரு கரண்டி கஞ்சியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். உப்புச் சரியா என்று பார்த்துச் சொல்ல என் கணவர் வீட்டில் இருந்தார்.