ஆகூவைச் சாப்பிடக் கூப்பிட்டபோது

என் கணவர் கொல்கத்தாவில் பிறந்த சீனர். அவர்கள் வீட்டுப் பேச்சு ஹக்கா. சென்னையில் டோல்கேட் பக்கம் நூடுல்ஸ் கடை போட்ட அவருக்குக் காசிமேட்டிலிருந்து இறால் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். கல்யாணம் அப்படித்தான் ஆனது. எங்கள் ஐந்து வயது மகள் இரண்டு பேச்சையும் கலந்தடிப்பாள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. கலீஜ், பேஜாரு, தோஸ்து என்று துறைமுகத்துக்கு வந்தவர் போனவர் எல்லாரிடமும் வாங்கிக்கொண்ட பேச்சு எங்கள் காசிமேட்டுப் பேச்சு. யாராவது முகம் சுளித்தால் இன்னும் சத்தமாகப் பேசுவேன்.

போன கோடை விடுமுறையில் கணவரின் அத்தை வந்தார். இவரை வளர்த்து ஆளாக்கியவர். அவர் சொல்லை இவர் தட்டவே மாட்டார். அவர்கள் வழக்கப்படி, வீட்டில் சின்னவர்கள் பெரியவர்களை முறை சொல்லிச் சாப்பிட அழைக்க வேண்டும். அதுவரை பெரியவர்கள் தட்டைத் தொடுவதில்லை. மகள் போய் நின்றாள்.

“ஆகூ, சிட் ஃபான்! வா, துன்னுகினே பேசலாம்.”

அத்தை, சோறு சாப்பிடுங்கள் என்பது வரை, அப்பா கூப்பிடுவது போலவே, ஹக்கா. மீதி என் பங்கு. அத்தை தட்டைத் தள்ளிவிட்டுக் கணவரிடம் பொரிந்து தள்ளினார்.

“இன்னாவாம்?” என்றேன்.

“பாப்பாவ கொல்கத்தாவுக்கு இட்டுகினு போறாங்களாம். அங்கியே படிக்கட்டும், சுத்தமான ஹக்கா வரும்ன்றாங்க.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஹக்கா வந்த கதையை இவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். சீனாவின் வடக்கிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தெற்கே வந்த கூட்டம். ஹக்கா என்றாலே விருந்தாளி, உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர். மலையில் முன்பே இருந்தவர்களோடு பெண் கொடுத்து, பெண் எடுத்து, சொல்லையும் எடுத்துக்கொண்டு வளர்ந்த பேச்சாம். அதை எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் அத்தையிடம் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஹக்காவில் ஏதோ முணுமுணுத்தார்.

“நீ பேசு. உன் பொண்ணுதானே!” என்று கணவரை உலுக்கினேன்.

அவர் தயங்கித் தயங்கி ஹக்காவில் ஏதோ சொன்னார். ‘பேகுன்’ மட்டும் எனக்குப் பிடிபட்டது. காலையில் அத்தை கத்தரிக்காயை அப்படித்தான் கேட்டார். உடனே அத்தை கத்தினார்.

“பேகுன் பெங்காலி வார்த்தைன்னேன். இல்லியாம். அவங்க அம்மா சொல்லிக்குடுத்த ஹக்காவாம்” என்றார் கணவர்.

கத்தி முடித்த அத்தை ‘பேகுன், பேகுன்’ என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்; தன் அம்மா தந்த பேச்சிலும் பெங்காலி கலந்திருந்தது அப்போதுதான் உறைத்தது போலும். மகளுக்குப் பசி. மறுபடி அதே மாதிரி கூப்பிட்டாள். அத்தை தட்டை இழுத்துக்கொண்டு முதல் முறையாக என்னைப் பார்த்தார். எனக்குப் புரிய வேண்டும் என்று இந்தியில் சொன்னார்: “அவள் அம்மாவோடு இருக்கட்டும்.”