சதுர அடிக்கு எவ்வளவு?

தரைக்கு டைல் பதிக்கும் வேலையைக் கொந்தராத்து எடுத்துச் செய்பவன் நான். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் என்னைத் தொலைபேசியில் கூப்பிடுகிற எல்லோருக்கும் ஒரே கேள்விதான். சதுர அடிக்கு எவ்வளவு? எத்தனையாவது மாடி, பழைய தரையைப் பெயர்க்க வேண்டுமா, ஒன்றும் சொல்லமாட்டார்கள். புடவைக் கடையில் துணி கிழிக்கிற நினைப்பு. இத்தாலி டைல் என்று யாரோ சொன்னதை நம்பி வாய் திறக்காமல் காசைக் கொட்டிவிட்டு வருவார்கள். அதைப் பதிக்கிறவனிடம் மட்டும் பத்து ரூபாய்க்கு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டுவார்கள். இந்தச் சனங்களுக்காகக் கோபப்படுவதுகூட வீண்.

நான் விலை எழுதுவது வேறு மாதிரி. நேரே போய்ப் பார்த்து, பதிப்பதற்கு ஒரு விலை, பள்ளம் நிரப்பி மட்டம் செய்ய ஒரு விலை, மணலை ஏற்றி உடைசலை இறக்க ஒரு விலை என்று தனித்தனியாக எழுதுவேன். வெள்ளவத்தை மாடிவீடுகளில் லிஃப்ட் மனிதருக்கு மட்டும்தான். மணல் மூட்டை படியால்தான் போகவேண்டும். மற்றக் கொந்தராத்துக்காரர் இதையெல்லாம் மறைத்து, பதிக்கிற விலையை மட்டும் குறைத்துக் காட்டி வேலையைப் பிடிப்பார்கள். வீட்டைக் கிண்டிப் போட்ட பிறகு, தரை சரியில்லை என்று தலையைச் சொறிந்துகொண்டு மிச்சத்தைக் கேட்பார்கள். அந்த நேரத்தில் மாட்டேன் என்று யாரால் சொல்ல முடியும்? இந்தப் பிழைப்புக்குப் பிச்சை எடுக்கலாம் என்று அவர்களை வாய் நிறையத் திட்டியிருக்கிறேன்.

போன வருடம் அடுத்தடுத்து நாலு வேலை கைவிட்டுப் போயின. என் விலைத் தாளின் கடைசித் தொகையைப் பார்த்ததும் வீட்டுக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்குப் பயம் அதைப் பற்றியல்ல, பாஸைப் பற்றி. டைல் பதிக்கிற மேசனை நாங்கள் பாஸ் என்போம். ஜிந்துப்பிட்டியிலிருந்து வரும் என் பாஸ், வெறுங்காலோடு ஒருமுறை நடந்தாலே எந்த மூலை தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் போனால் என் தொழிலும் போனது. வேலையில்லாத மூன்றாவது வாரம், இரத்மலானையில் வேறொரு கொந்தராத்துக்காரர் தன்னை வேலைக்குக் கூப்பிடுவதாகச் சொன்னார்.

"இன்னும் ஒரு கிழமை பாக்குறேன் அண்ணே. அதுக்கு மேல வீட்டுல பதில் சொல்ல ஏலாது."

அந்தக் கிழமையில்தான் வெள்ளவத்தையில் நாலாம் மாடி வீடு ஒன்று வந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்காளர். மகனின் கல்யாணத்துக்காக, தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்குக்கு முன் தரை முடியவேண்டும். வேறு இரண்டு பேர் கொடுத்த விலைத் தாள்களை என் முன்னால் விரித்தார்.

"தம்பி, இவையள விட நீங்கள் எவ்வளவு குறைப்பியள்?"

அந்தத் தாள்களில் மட்டம் செய்வதும் இல்லை, மணல் சுமப்பதும் இல்லை. படித்த மனுசனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று மனதுக்குள் சிரித்தேன். சிரித்தபடியே நானும் அவற்றை எழுதாமல் விட்டேன். வேலை கிடைத்தது.

மூன்றாம் நாள் பழைய டைல் முழுவதும் பெயர்ந்து, கட்டிலும் அலுமாரியும் பல்கனியில் நின்றன. விலை எழுதப் போன அன்றே நான் கண்டிருந்த பள்ளத்தை, அன்றைக்குத்தான் கண்டவன் போல அவரிடம் சொல்லி, மட்டம் செய்யவும் மணல் சுமக்கவும் மேலதிகமாகக் காசு கேட்டேன். பொன்னுருக்குக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் கேட்டதைத் தருவதாகச் சொன்னார். பாஸ் பக்கத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பாஸ் இனி என்னை விட்டுப் போகமாட்டார் என்ற நிம்மதி அதைவிடப் பெரிது.

போகவில்லைதான். அடுத்த வேலை கிராண்ட்பாஸ் பகுதியில் ஒரு துணிக்கடை, பெருநாளைக்கு முன் திறக்கவேண்டியது. பாதித் தரையைக் கிண்டியிருந்த காலையில் பாஸ் சாந்துக் கரண்டியைக் கழுவி வைத்தார். நாட்கூலியைக் கூட்டித் தந்தால்தான் மிச்ச வேலை என்றார்.

"இத வேலை தொடங்க முன்னமே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"அப்ப சொல்லியிருந்தா நீங்க வேற ஆள் பாத்திருப்பீங்களே அண்ணே."

பத்து வருடத்தில் அந்த மனுசன் என்னை அவ்வளவு இளக்காரமாகப் பார்த்ததில்லை. கூட்டித் தருவதாகத் தலையாட்டினேன்.