சாயக் கையும் வெளுத்த கண்ணும்

என் பெண்டாட்டி நளினிக்கு உள்ளங்கை எப்போதும் ரத்தச் சிவப்பு. நகரியில் சாயப்பட்டறை வேலை. பதினெட்டு வருஷமாக அரக்குச் சாயத்தில் நூலை முக்கி முக்கி, நகக்கண் வரைக்கும் ஏறிவிட்டது. அந்தக் கையை நம்பித்தான் நான் ஏமாந்தேன். முட்டாள் நான், வேறென்ன சொல்ல?

போன வருஷத்திலிருந்தே நாலு படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கும். தலை சுற்றுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்பாள். "கை இவ்ளோ செவப்பா கீது, உனக்கு இன்னா கொறை? வேலைக்கு டிமிக்கியா?" என்று கிண்டல் பண்ணுவேன். மாசத்தில் பத்து நாள் உதிரம் போவதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு டப்பாவில் பச்சரிசி வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் மெல்லுவாள். எங்கள் பெண் பிரீத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லுவாள். "எலிங்க மாதிரி துன்னுக்கினே இருங்க" என்று சிரிப்பேன்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை பட்டறையில் நூல் கட்டோடு சாய்ந்துவிட்டாள். ஆம்புலன்சில் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். புத்தூர் தாண்டும்போது மூச்சு நின்று நின்று வந்தது. கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. அப்போதும் சிவப்பாகத்தான் இருந்தது, பாழாய்ப்போன கை!

ஆஸ்பத்திரி நர்ஸம்மா கையைப் பார்க்கவே இல்லை. கீழ் இமையை விரலால் இழுத்தார். உள்ளே துளி சிவப்பில்லை, வடிகஞ்சி நிறம். "ஒண்ட்லோ ரக்தமே லேதண்டி!" என்று டாக்டரிடம் ஓடினார். உடம்பில் ரத்தமே இல்லையாம். பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் நாலரை. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். பச்சரிசிக்கு வாய் ஏங்குவதும் ரத்தசோகையின் அடையாளம்தானாம்.

மூன்று பாட்டில் ரத்தம் ஏறிய பிறகுதான் தெளிந்து பேசினாள். நான் அழுதுவிட்டேன், இதில் வெட்கம் என்ன? மணிக்கொரு தரம் அவள் இமையை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

"விடு மாமா, என்னைப் பாத்தது போதும். அரிசி டப்பாவுல அவளும்தானே கை வுட்டா? அவ கண்ணைப் பாத்தியா?"

பிரீத்தி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கிட்ட வா கண்ணு."

"இன்னாத்துக்கு நைனா?"

விரலால் அவள் இமையை இழுத்தேன். அதே வடிகஞ்சி நிறம்.

"நர்ஸம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.