கர்னல் முன்னால் குந்திய முழங்கால்

எனக்குச் சொந்த ஊர் குரும்பலூர். ரஞ்சன்குடி செல்வராசும் நானும் ஒரே ரெஜிமெண்டில் இருந்தோம். ஒரே மலைச்சரிவில் சறுக்கி விழுந்து இருவருக்கும் வலது முழங்கால் போனது. ஓய்வு பெறும்போது மருத்துவக் குழு எனக்குப் பதினைந்து சதவீத ஊனம் என்றது. அவனுக்கு முப்பது; அதனால் ஊன ஓய்வூதியம் அவனுக்கு மட்டும்தான்.

அன்றிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவன் கம்பியைப் பிடித்து நொண்டி ஏறுவதைப் பார்த்தால், "நல்லா நடிக்கிறான் பாரு" என்று மனைவியிடம் சொல்வேன்.

மேல்முறையீடு எழுதத் தெரியாமல் வேண்டாவெறுப்பாக அவனிடமே போனேன். என் மருத்துவ அறிக்கையைப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"முழுசா குந்தி எழுந்தாரு, வலி இல்லைன்னாருன்னு எழுதியிருக்கே. ஏன்டா அப்படிச் சொன்ன?"

"டாக்டரு கர்னல்டா. அவரு முன்னாடி முடியலன்னு எப்படிச் சொல்றது?"

"நான் சொன்னேனே. பாதி குந்துனதுமே வலிச்சுது, நின்னுட்டேன்."

அன்று பல்லைக் கடித்துக்கொண்டு குந்தி எழுந்ததும், வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நினைவுக்கு வந்தன. பொய் சொன்னது நான்தான், அவனில்லை.

மறுபரிசோதனையில் பாதியிலேயே நின்று, "இதுக்கு மேல முடியல சார்" என்றேன். சர்வீஸில் ஒருநாளும் சொல்லாத வார்த்தை. வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது.

முடிவு இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் எந்த டாக்டர் கேட்டாலும் வலித்தால் வலிக்கிறது என்கிறேன். பொறாமை மட்டும் போகவில்லை. கர்னல் முன்னால் அதை முதல் தடவையே சொல்ல அவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்?