இரண்டு தட்டுக்கு நடுவே

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கடை வைத்திருந்த கொளஞ்சியம்மாள் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். கணவர் போன பிறகு கைக்குழந்தையோடு அடுப்பு மூட்டியவர். எரிமலை சில நாட்டில் மட்டும் ஏன் இருக்கிறது என்று அவரைப்போல் விளங்கச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. புவியியலில் பட்டம் வாங்கியவன் நான்; வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

2010 சித்திரையில் அவர் மகள் அனுப்பிரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சேரன் குமராட்சிக்காரர், லண்டனில் வேலை. முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கையில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்தது. வானமெல்லாம் சாம்பல், விமானம் கிடையாது. "ஐஸ் நாட்டுல நெருப்பா?" என்று கடையே சிரித்தது.

சேரனின் தாய்மாமன் பொன்னுரங்கம் மட்டும் சிரிக்கவில்லை. நேரே கடைக்கு வந்தார்.

"பொறந்த மாசமே அப்பனை முழுங்கின பொண்ணு. இப்ப மாப்ள வர்ற வழியில சாம்பலு. ராசி சரியில்ல, கல்யாணத்த நிறுத்திடலாம்."

மாவுக் கரண்டியோடு நின்ற அனுப்பிரியா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வழக்கம்போல் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் கோபத்தில் பாதி இட்லியோடு இலையை மூடினேன்.

கொளஞ்சியம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் தணியும். சேரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அந்த எழவு மலை அங்க ஏன் இருக்கு தம்பி, நம்மூர்ல ஏன் இல்ல?"

"பூமியோட மேல்ஓடு தட்டு தட்டா இருக்கு அத்தை. ரெண்டு தட்டு சேர்ற எடத்துலதான் எரிமலை ஜாஸ்தி. அந்தமான் பக்கம்கூட ஒண்ணு இருக்கு."

தட்டு என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்த பெரிய குண்டானுக்கு மூடி கிடையாது. இரண்டு தட்டைச் சேர்த்துத்தான் மூடுவார்.

"அண்ணே, இங்க வாங்க. ஆவி எங்க வருது?"

"நடுச் சந்துல," என்றார் பொன்னுரங்கம்.

"தட்டு மேல?"

"வரல."

"ஐஸ்லாந்துக்காரன் சந்து மேல குடியிருக்கான். நாம தட்டு மேல. அந்தச் சந்து எம்பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கு. அவ என்னா செய்வா?"

பொன்னுரங்கம் சந்தேகத்தோடு சந்தில் விரலை நீட்டினார். சுட்டது. உதறிக்கொண்டே சிரித்துவிட்டார். "சரி தங்கச்சி, தேதியத் தள்ளி வெப்போம்."

விமானங்கள் மறுபடி பறந்தன, சேரன் வந்தார். கல்யாணத்தன்று காலை மண்டபத்து அறையில் மகளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார் கொளஞ்சியம்மாள். இலைக்கட்டோடு வாசலில் நின்ற எனக்கும் அனுப்பிரியாவின் குரல் கேட்டது.

"யம்மா, அப்பா போனதுக்கும் நான் காரணமில்லதானே?"

கொளஞ்சியம்மாள் மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"காமாலைடி. ஒங்கப்பாவுக்குக் காமாலை. இத்தினி வருசமா இதையா மனசுல வெச்சிருந்த?"

அனுப்பிரியா அழுதாள், சிரித்தாள், பிறகு பசிக்கிறது என்றாள். தாலி ஏறும்வரை பெண் சாப்பிடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கொளஞ்சியம்மாள் என்னைக் காவலுக்கு நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, மகளுக்கு நான்கு இட்லி ஊட்டினார்.