வயிறு மாறிய கேள்விக்குறி

நடக்காமல் போன ஒன்றுக்கு யார் சாட்சி? விரிசல் விட்ட சுவரைக் காட்டி, இதற்கு இவன்தான் காரணம் என்று பத்துப் பேர் விரல் நீட்டுவார்கள். விரிசல் விடாத சுவரைக் காட்டி யாரும் யாரையும் சொல்வதில்லை. சுவர் பாட்டுக்கு நிற்கிறது, அது அதன் சுபாவம் என்று விட்டுவிடுகிறோம்.

இந்தக் கேள்வியைச் சட்டைப்பையில் சாக்பீஸோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு ஒருவர் இருபத்தெட்டு வருடம் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினார். வேலை செய்யும் இடத்தில் அவருக்குப் பெயர் கேள்விக்குறி. முதுகும் கொஞ்சம் அப்படித்தான் வளைந்திருந்தது. ஆனால் பெயர் முதுகால் வந்ததல்ல.

அவருடைய மைத்துனன் ஒரு காண்டிராக்டர். கடைகள், அலுவலகங்கள், கிடங்குகள் என்று கட்டித் தருகிறவன். பாவம், அக்கா புருஷனுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்திருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அக்கா புருஷன்தான் என்னை வேலை வாங்குகிறார் என்று அவன் சொல்வான். இரண்டிலும் பாதி உண்மை.

கேள்விக்குறியின் வேலை காலையில் அலுவலக ஜன்னலில் தொடங்கும். கண்ணாடியில் வெயில் விழும் நேரம் பார்த்து, சுவர் வரைபடத்தின் மேல் பைப் வரைபடத்தையும் அதன் மேல் மின்சார வரைபடத்தையும் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூன்று தாளையும் மூன்று பேர் வரைந்திருப்பார்கள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கமாட்டார்கள். பைப் போட்டவருக்கு அங்கே ஒரு தூண் வரப்போவது தெரியாது. தூண் போட்டவருக்கு மனிதர்களுக்குக் கழிவறை தேவைப்படும் என்பதே ஞாபகம் இருக்காது. எது எதில் இடிக்கும் என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு, நேரே அந்த இடத்துக்குப் போய்ச் சாக்பீஸால் ஒரு கேள்விக்குறி போடுவார். போட்டுவிட்டால் அங்கே எந்தக் கொத்தனாரும் கரண்டி வைக்கக் கூடாது. பதில் கிடைத்ததும் அவரே வந்து கைக்குட்டையால் துடைப்பார். அப்புறம் வேலை நடக்கும். சட்டம் அவ்வளவுதான்.

"இவர் கைக்குட்டைய அலசின தண்ணியில ஒரு ரூமுக்கு வெள்ளையடிக்கலாம்" என்பாள் அவர் மனைவி. அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் அளவோடு சொல்லிப் பழகியவள்.

இந்த வியாதி அவருக்கு இருபத்து நாலு வயதில் பிடித்தது. அப்போது ஒரு வங்கிக்குக் கட்டடம் கட்டினார்கள். எல்லாம் முடிந்து, வர்ணம் காய்ந்து, பெட்டகம் வந்து லாரியிலிருந்து இறங்கியது. வாசல் பெட்டகத்தைவிட ஒரு சாண் சின்னது. சுவரை உடைத்தார்கள். உடைத்தபோது பீமிலும் அடி பட்டது. காரணம் யார் என்று கேட்டதற்கு ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்ட, அது வட்டமாகச் சுற்றிக் காவல்காரரிடம் வந்து நின்றது. அந்த ஒரு சாணை அவர் ஒரு மாதம் முன்பே வரைபடத்தில் பார்த்திருந்தார். பெரியவர்களுக்குத் தெரியாததா என்று சும்மா இருந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் சும்மா இருந்ததில்லை.

வீட்டிலும் சும்மா இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் மனைவி ஒரு சோபா கேட்டாள். மாடிப்படியின் திருப்பத்தை அளந்தார், சோபாவின் கையை அளந்தார், நுழையாது என்றார். இன்னும் அந்த வீட்டில் சோபா இல்லை. "உங்களக் கட்டிக்கறதுக்கு முன்னாடி நானும் ஒரு டேப் எடுத்துட்டு வந்திருக்கணும்" என்று அவள் வருடத்துக்கு இரண்டு முறையாவது சொல்வாள்.

காண்டிராக்டர் மூன்று மாடி வணிக வளாகம் ஒன்றை மொத்தமாக ஒரே தொகைக்கு ஒப்புக்கொண்டபோதுதான் வினை ஆரம்பித்தது. கீழ்த்தளம் ஒரு துணிக்கடைக்கு. சொன்ன தேதிக்குச் சாவி கொடுக்காவிட்டால் நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அபராதம். கையெழுத்துப் போட்ட கையோடு செலவையும் நாளையும் கண்காணிக்க ஓர் ஆலோசகரை வைத்தான். முப்பத்தைந்து வயது. தூசு ஒட்டாத காலணி. தலைக்கவசத்தைக் கழற்றினாலும் முடி கலையாது. அவருடைய மடிக்கணினியில் கட்டடம் முழுவதும் வண்ண வண்ணக் கட்டங்களாக இருந்தது.

நான்காம் மாதம் அவர் அந்தக் கட்டங்களைக் காண்டிராக்டர் பக்கம் திருப்பினார்.

"சார், இதுவரைக்கும் நாப்பத்தோரு தடவை வேலை நின்னிருக்கு. அதுல முப்பத்தெட்டுக்கு ஒரே ஆள்தான் காரணம்."

"அவர் எங்க அக்கா வீட்டுக்காரர்."

"அதுக்குத் தனியாக் கட்டம் போடல சார்."

"அவர் மிச்சம் பிடிச்சுக் குடுத்ததுக்கு?"

"அதுக்குக் கட்டம் இருக்கு. போடறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. ஆகாத செலவ எப்படி சார் எழுதறது?"

காண்டிராக்டர் திரையைப் பார்த்தான். மாமாவின் வரிசை முழுக்கச் சிவப்பு. தேதி தவறினால் கம்பெனியே படுத்துவிடும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் டிபன் கேரியர். மத்தியானச் சாப்பாடு அக்கா வீட்டிலிருந்து ஒரே கேரியரில் மாமாவுக்கும் அவனுக்குமாக வருகிறது. மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எந்த முகத்தோடு அந்த மூடியைத் திறப்பது?

ஆலோசகர் வழி சொன்னார். பதினைந்து நாள் அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு. அதற்குள் எதுவும் கெடவில்லையென்றால் அவர் தேவையில்லை என்று அர்த்தம். கூடவே சிமெண்ட் அறைக் கதவில் ஓர் அறிவிப்பும் ஒட்டினார்: அனுமதியில்லாமல் வேலையை நிறுத்துகிறவர் அன்றே வேலையிலிருந்து நிறுத்தப்படுவார்.

"மாமா, ஒரு பதினஞ்சு நாள் வீட்டுல இருந்து உடம்பப் பாத்துக்குங்களேன்" என்றான் காண்டிராக்டர்.

"யார் உடம்ப?"

கேள்விக்குறி சாக்பீஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் அக்காவிடமிருந்து போன்.

"டேய், பிரிட்ஜ்ல கேள்விக்குறி போட்டிருக்கார்டா."

"எதுக்குக்கா?"

"அதோட கதவத் தொறந்தா அலமாரிக் கதவு இடிக்குமாம். பதினோரு வருஷமா இடிச்சிட்டுத்தான் இருக்கு, எனக்குத் தெரியாதா? இப்ப ரெண்டையும் தொடக் கூடாதுங்கறார். பால் வெளியில இருக்கு. ஒண்ணு அவரக் கூப்பிட்டுக்கோ, இல்ல நான் கடையில ரெண்டு ஷிப்ட் பாக்கப் போறேன்."

வேலை நடக்கும் இடத்தில் முதல் எட்டு நாளும் கொண்டாட்டம். சுவர்கள் கேள்வி கேட்பாரில்லாமல் வளர்ந்தன. ஆலோசகரின் திரை பச்சைப் பசேல் என்று இருந்தது. ஒன்பதாம் நாள் காலை காண்டிராக்டர் வந்து இறங்கும்போது பின்பக்கம் கரண்டிச் சத்தமே இல்லை. கொத்தனார்களும் சித்தாள்களும் கல் அடுக்கின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜெனரேட்டர் அறையின் பின்சுவர் வர வேண்டிய இடைவெளியில் ஒரு வரிசைக் கல் மட்டும் இருந்தது. பக்கத்துத் தூணில், இடுப்பு உயரத்தில், ஒரு கேள்விக்குறி.

"இது யார் போட்டது?" என்று ஆலோசகர் கேட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பல முறை கேட்டிருப்பார் போலிருந்தது.

பதில் சொன்னவர் மேஸ்திரி. கேள்விக்குறியோடு அதே இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். கரண்டியை இடக்கையில் பிடிப்பார்.

"யார் போட்டா என்ன சார்? போட்டுட்டா தொடக் கூடாது. அதான் இங்க வழக்கம்."

"அவர்தான் லீவுல இருக்காரே."

"அவர் லீவுல இருக்கலாம் சார். கேள்வி லீவுல இல்லையே."

ஒரு சித்தாள் சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டாள். மேஸ்திரியின் விரல்களில் வெள்ளை ஒட்டியிருந்ததைக் காண்டிராக்டர் கவனித்தான். மேஸ்திரியின் விரல்களில் வெள்ளை ஒட்டாத நாள்தான் எது?

நேராக அக்கா வீட்டுக்குப் போனான். மாமா நாற்காலி மேல் ஏறி நின்று குளியலறைக் கதவின் மேல்சட்டத்தை அளந்துகொண்டிருந்தார்.

"மாமா, நேத்து சைட்டுக்கு வந்தீங்களா?"

"இல்லையே."

"ஜெனரேட்டர் ரூம் தூண்ல கேள்விக்குறி இருக்கு."

அவர் கீழே இறங்கினார். டேப்பைச் சுருட்டினார்.

"அந்த ரூமுக்கு மின்சார வரைபடம் வந்துடுச்சா?"

"நீங்க லீவுல போன மறுநாள் வந்துச்சு."

"ஜெனரேட்டர் வந்துடுச்சா?"

"அடுத்த வியாழக்கிழமை வருது."

"அகலம் எவ்வளவு?"

காண்டிராக்டர் அங்கேயே நின்று விற்பனைக் கம்பெனிக்குப் போன் போட்டான். நாலரை அடி என்றார்கள். அறையின் வாசல் மூன்றரை அடி. அந்தப் பின்சுவரை எழுப்பி, பூசி, அதற்குப் பின்னால் மதிலையும் கட்டியிருந்தால், இரண்டையும் உடைத்து மறுபடி கட்டுவதற்குள் தேதி தவறிப் போயிருக்கும். அவன் மாமாவின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"தண்ணி வேணுமாடா?" என்றாள் அக்கா. "பிரிட்ஜ் தண்ணி கிடையாது, சொல்லிட்டேன்."

வியாழக்கிழமை ஜெனரேட்டர் வந்தது. அந்த ஒரு வரிசைக் கல்லை எடுத்துவிட்டு இடைவெளி வழியாக உள்ளே தள்ளினார்கள். இரண்டு பக்கமும் ஒரு கை அகலம் இடம் விட்டுப் போய் மேடையில் உட்கார்ந்தது. ஆனால் தூணில் இருந்த குறியைத் துடைக்க ஆள் இல்லாததால் சுவர் எழும்பவில்லை.

பிரச்சினை தீர்ந்தது என்று காண்டிராக்டர் நினைத்தான். ஆலோசகர் அப்படி நினைக்கவில்லை.

"பதினஞ்சு நாள் முடிஞ்சுது சார். ஒண்ணும் கெடல."

"அந்தக் குறி இல்லேன்னா கெட்டிருக்குமே."

"அதத்தான் சார் நானும் கேக்கறேன். அது யாரோட குறி? உங்க மாமாவோடதுன்னா, லீவுலயும் அவர் வந்து பாத்திருக்கார், இந்தப் பரீட்சை செல்லாது. நிறுத்தறது அவரோட வேலைதான், அவர் வேலையில இருக்கட்டும். அவரோடது இல்லேன்னா, அவர் இல்லாமலே வேலை நடக்குதுன்னு ஆயிடுச்சு, அவர் வேண்டாம். போட்டவர் யாரோ, அவர் அனுமதியில்லாம வேலைய நிறுத்தினவர். அவரும் வேண்டாம்."

"போட்டது சரியா இருந்திருக்கே."

"சரியா இருந்ததுக்குக் கட்டம் இல்ல சார்."

பதினாறாம் நாள் காலை கேள்விக்குறி வேலைக்கு வந்தார். காண்டிராக்டரும் ஆலோசகரும் அவரைத் தூணுக்கு அழைத்துப் போனார்கள். சித்தாள்கள் தலையில் இருந்த சட்டிகளை இறக்காமலே நின்று பார்த்தார்கள். மேஸ்திரி கொஞ்சம் தள்ளி, குழைத்து முடித்த கலவையை மறுபடி குழைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் காண்டிராக்டர் அந்தக் குறியை நின்று பார்த்தான். இருபத்தெட்டு வருடமாக அவன் பார்த்த கேள்விக்குறிக்கு வயிறு வலப்பக்கம் இருக்கும். இதற்கு வயிறு இடப்பக்கம் தள்ளியிருந்தது. கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகூட எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. இடக்கைக்காரர் ஒருவர், வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் வருவதற்குள் அவசரமாகப் போட்டது. மேஸ்திரி பக்கம் திரும்பாமலிருக்க அவனுக்குக் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆலோசகருக்கு இது எதுவும் தெரியவில்லை. நாலு மாதமாக அவர் முப்பத்தெட்டுக் குறிகளை எண்ணியிருந்தார். ஒன்றையும் பார்த்ததில்லை.

கேள்விக்குறி மட்டும் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது நீங்க போட்டதா?" என்று கேட்டார் ஆலோசகர்.

"ஜெனரேட்டர் உள்ள போயிடுச்சா?"

"போயிடுச்சு. கேள்வி அது இல்ல."

"வேற எது கேள்வி?"

"இது உங்க கையா, இல்லையா?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் இரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டும். மாமா பொய் சொல்லிக் காண்டிராக்டர் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்தபோதே, வீட்டு வாசல் நிலை உயரம் குறைவு என்று சொன்ன மனிதர்.

அவர் கைக்குட்டையை எடுத்து, தூணில் இருந்த குறியை மேலிருந்து கீழாக நிதானமாகத் துடைத்தார். ஆலோசகர் முன்யோசனையோடு அதைத் தன் போனில் படம் பிடித்து வைத்திருந்ததால் தடுக்கவில்லை. பிறகு கேள்விக்குறி நாலடி நடந்து பக்கத்துச் சுவரிடம் போனார். அங்கே கழிவுநீர்க் குழாய் ஒன்று வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தார். பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துப் பழகுவதுபோல, மெல்ல, நிறுத்தி நிறுத்தி, குழாய்க்கு மேலே ஒரு கேள்விக்குறி போட்டார். வயிறு இடப்பக்கம்.

"இந்தப் பைப்புக்கு வாட்டம் எந்தப் பக்கம்?" என்றார். "தண்ணி உள்ள வர்ற மாதிரி வெச்சிருக்கே."

ஆலோசகர் போனில் இருந்த படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். போனைப் பையில் போட்டார். "இவர் கைதான் சார்" என்று சொல்லிவிட்டு, மடிக்கணினியைத் திறந்து எதையோ அழித்தார்.

மேஸ்திரி கலவையை இன்னும் குழைத்துக்கொண்டிருந்தார். அது கஞ்சிபோல ஆகிவிட்டது.

மத்தியானம் கேரியரைத் திறந்தபோது காண்டிராக்டர் பொறுக்கமாட்டாமல் கேட்டான்.

"மாமா, அது..."

"சாப்பிடு மாப்ளே. ஆறிடும்."

சாவியைச் சொன்ன தேதிக்குக் கொடுத்தார்கள். தன் கட்டங்கள்தான் அதற்குக் காரணம் என்றார் ஆலோசகர். இருக்கலாம். நடந்த ஒன்றுக்குச் சாட்சி சொல்ல எப்போதும் ஆள் உண்டு. அவருடைய கணக்கில் கேள்விக்குறியின் பெயரில் இருந்த குறிகள் முப்பத்தெட்டிலிருந்து அறுபத்திரண்டாகியிருந்தன. புதியவற்றில் சில, மாமா ஏறியே பார்க்காத மூன்றாம் மாடியில் இருந்தன. புதியவை எல்லாவற்றுக்கும் வயிறு இடப்பக்கம். எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. யாரும் முயலவும் இல்லை.

மாமா குறியைத் திருப்பிப் போட்டது ஒரு நாளைக்காக, ஓர் ஆளைக் காப்பாற்றுவதற்காக என்று காண்டிராக்டர் எண்ணியிருந்தான். ஆலோசகர் கணக்கை முடித்துக்கொண்டு போனார். அடுத்த கட்டடம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. மாமா பழைய பக்கத்துக்குத் திரும்பவேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"ஏன்டா, பிரிட்ஜ்ல மறுபடியும் போட்டிருக்கார். ஆனா குறி திரும்பியிருக்கு. கையில ஏதும் சுளுக்கா?"

"நீ கேக்கலியாக்கா?"

"கேட்டேன். அலமாரிய எப்ப நகத்தலாம்னு திருப்பிக் கேக்கறார்."

வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் போட்ட எல்லாக் கேள்விக்குறிகளும் அப்படித்தான் இருந்தன. ஒவ்வொன்றையும் புதிதாகப் பழகுகிறவர்போல மெல்லத்தான் போட்டார். மேஸ்திரி போட்டாலும் சித்தாள் போட்டாலும் குறி அவர் பெயரில்தான் சேர்ந்தது.